திறந்தால் மதிப்பு குறையும்

சித்தியின் கட்டில் மூன்று வருடமாக நின்றுகொண்டிருந்தது. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள நடையில், சுவரோடு சாய்த்து, விழாமல் இருக்க ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அதன் காலடியில் பாய் விரித்துச் சித்தி படுப்பாள். குளியலறைக்குப் போகிறவர்கள் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். காலையில் ஒரு கையைத் தரையிலும் மறு கையைக் கட்டில் சட்டத்திலும் ஊன்றி, முழங்காலைத் திட்டிக்கொண்டே எழுவாள். "நீ நிக்கிற, நான் படுக்கறேன். ஒரு நாளைக்கு மாத்திக்கலாமா?" என்று கட்டிலிடம் கேட்பாள்.

கட்டில் கிடக்க வேண்டிய அறையில் நினைவு நாணயங்கள் இருந்தன. நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். நாணயம் என்னவோ உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதை ஒரு பிளாஸ்டிக் டப்பியில் வைத்து, டப்பியை வெல்வெட் மெத்தையில் பதித்து, மெத்தையை மரப்பெட்டிக்குள் வைத்து, மரப்பெட்டிக்கு அட்டை உறை போட்டு, உறையின் வாயில் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். வந்து சேரும்போது யாரோ ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்த மாதிரி இருக்கும். ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: திறந்தால் மதிப்பு குறையும்.

சித்தப்பா அந்த வரியை நம்பினார். ஒன்றைக்கூடத் திறந்ததில்லை.

அவர் முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். சில்லறை இல்லை, சில்லறை இல்லை என்று கத்தியே தொண்டையைக் கெடுத்துக்கொண்டவர். ஓய்வு பெற்ற மறு மாதம் நாணயச் சாலையின் சந்தாதாரர் ஆனார். சந்தா கட்டினால் வெளியாகிற ஒவ்வொரு நினைவு நாணயமும் தானாக வீட்டுக்கு வரும். சாதாரணம் ஒன்று, வண்ணம் தீட்டியது ஒன்று.

"ஏங்க, பால்காரர் வாசல்ல நிக்கறாரு. சில்லறை இருக்கா?"

"இல்ல."

"உள்ள நானூறு காசு அடுக்கி வச்சிருக்கீங்க. ஒண்ணு குடுங்க."

"அது காசு இல்லடி. நாணயம்."

"பால்காரர் எதை வாங்குவாரு?"

"காசைத்தான் வாங்குவாரு."

"அப்ப அந்த நாணயத்தை யாருதான் வாங்குவாங்க?"

"நான்" என்றார் சித்தப்பா. அதில் அவருக்குப் பெருமைதான்.

நான் அந்த நாணயச் சாலையில்தான் வேலை பார்க்கிறேன். முதலில் நாணயம் அடிக்கிற அச்சுக்கூடத்தில் இரவு முறை. ஒன்பது மாதத்தில் விட்டுவிட்டேன். பிறகு பகலில் பேக்கிங் பிரிவு, ஒப்பந்த ஆள். வாடகை கட்டுப்படியாகாததால் சித்தப்பா வீட்டுக் கூடத்தில் சோபாவில் படுத்துக்கொள்கிறேன். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்ததைச் சித்தப்பா தெருவில் எல்லோரிடமும் சொன்னார். "நமக்கு உள்ள ஆள் இருக்கு" என்பார். உள்ளே இருக்கிற ஆளின் வேலை, பெட்டிக்கு உறை மாட்டுவது.

ஒரு காலத்தில் நாட்டுக்குப் பெரிதாக ஏதாவது நடந்தால்தான் நினைவு நாணயம் வெளியாகும். யுத்தம் முடிந்தால் ஒன்று, பாலம் கட்டினால் ஒன்று. நாட்டுக்கு ஒன்றுமே நடக்காத வருடங்கள்தான் அதிகம் என்று பிறகு யாரோ கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதிலிருந்து பாலத்துக்கு நூறு வயது, பாலத்துக்குப் பெயின்ட் அடித்து இருபத்தைந்து வருடம் என்று வெளியிட ஆரம்பித்தார்கள். தவளை வரிசை வந்தது, ஆறு தவளைகள். தவளை விற்றதால் தேரை வந்தது. ஊரிலேயே முதலில் கட்டிய ரவுண்டானாவுக்கு ஒன்று. பாதாளச் சாக்கடைத் திட்டத்தின் வெள்ளி விழாவுக்கு ஒன்று. சாக்கடை மூடியின் படம் போட்டிருந்ததால் ஒரு நாணயத்துக்குள் இன்னொரு நாணயம் இருப்பது போலத் தெரிந்தது. கலங்கரை விளக்கம் இருட்டில் ஒளிரும் என்று விளம்பரம் செய்தார்கள். அது ஒளிர்வதைப் பார்க்கப் பெட்டியைத் திறக்க வேண்டும். திறந்தால் மதிப்பு குறையும். ஆகவே நாடு முழுக்கப் பீரோக்களுக்குள் அது தன்பாட்டுக்கு ஒளிர்ந்துகொண்டிருப்பதாக எல்லோரும் நம்பினார்கள்.

சட்டப்படி வாரத்துக்கு ஒன்றுதான் வெளியிடலாம். கடந்த வருடம் அறுபத்தொன்று வந்தது. ஒரு பத்திரிகை எழுதியது, நாடாளுமன்றத்தில் யாரோ கேட்டார்கள், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். நாணயச் சாலை அளவுக்கு மீறி நினைவு நாணயம் வெளியிடுகிறதா, இல்லையா? அதுதான் கேள்வி.

சித்தி அதை ரேடியோவில் கேட்டாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, அந்தக் குழு ஜாஸ்தின்னு சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க?"

"சொல்ல மாட்டாங்க."

"சொல்லிட்டா?"

நீதிபதி என்றால் சித்தப்பாவுக்கு மரியாதை. "சொல்லிட்டா சந்தாவை நிறுத்திடறேன். பெட்டியெல்லாம் பரண்ல ஏத்திடறேன். நீ உன் கட்டிலைப் போட்டுக்கோ."

"டேய்" என்று சித்தி கூடத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். "கேட்டுக்கிட்டியா? நீதான் சாட்சி."

"கேட்டேன் சித்தி."

"நல்லா கேட்டியா? நாளைக்கு இவர் பேச்சு மாத்தினா நீ சோபால படுக்க முடியாது, சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு சித்தி தினமும் செய்தி கேட்டாள். யுத்தம், வெள்ளம், விலைவாசி எதுவும் அவள் காதில் ஏறவில்லை. விசாரணைக் குழு என்ற சொல் வந்தால் மட்டும் அடுப்பைக் குறைப்பாள்.

இதற்கு நடுவில்தான் பேக்கிங் பிரிவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

எங்கள் கூடத்தில் இரண்டு மேசைகள். முதல் மேசையில் நாணயத்தை டப்பியில் வைத்து மெத்தையில் பதிப்பார்கள். இரண்டாம் மேசையில் மூடி, சான்றிதழ் வைத்து, உறை மாட்டுவார்கள். கடைசியில் ஒரு தராசு இயந்திரம். எடை சரியாக இருந்தால் பச்சை விளக்கு, ஸ்டிக்கர் ஒட்டி வண்டிக்கு அனுப்புவார்கள். தவறாக இருந்தால் சிவப்பு விளக்கு, பெட்டி ஓரமாகத் தள்ளப்படும். அந்த இயந்திரத்துக்கு எது சரியான எடை என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும், தலைமை மேலாளர் கையெழுத்திட்ட மாதிரிப் பெட்டியைத் தராசில் வைத்துப் பொத்தானை அமுக்க வேண்டும் என்பது எழுதிவைத்த விதி.

அன்று வரிசையாக நாற்பது பெட்டிகளுக்குச் சிவப்பு எரிந்தது. எங்கள் மேற்பார்வையாளர் ஓடி வந்தார். ஸ்டிக்கர் சுருள்களை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு திரிவதால் அவருக்கு ஸ்டிக்கர் என்றே பெயர்.

"என்னய்யா பண்ணி வச்சீங்க? நாப்பதும் எடை ஜாஸ்தி காட்டுது."

"ஒண்ணைத் திறந்து பாக்கலாமா?" என்றேன்.

"உறை போட்டாச்சேய்யா!"

"இன்னும் ஸ்டிக்கர் ஒட்டல."

ஸ்டிக்கர் நாலு பக்கமும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். திறந்தேன். உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. டப்பிக்குள் வெள்ளி நாணயம், தேரை வரிசையில் ஐந்தாவது, முழித்துக்கொண்டிருந்தது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் ஸ்டிக்கர்.

பச்சை விளக்கு எரிந்த பெட்டி ஒன்றைத் திறந்தேன். டப்பிக்குள் வட்டமாக வெட்டிய அட்டை இருந்தது. அதன் மேல் வெள்ளிக் காகிதத்தில் தேரையின் படம். பின்பக்கம் 'மாதிரிக்கு மட்டும்' என்று அச்சடித்திருந்தது.

ஸ்டிக்கர் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

நடந்தது இவ்வளவுதான். வெளியீடுகள் அதிகமானதால், பெட்டி செய்கிற ஒப்பந்தக்காரர் மெத்தையும் டப்பியும் பொருத்தியே அனுப்ப ஆரம்பித்தார். டப்பி நசுங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டை. 'பெட்டிகள் இனித் தயார் நிலையில் வரும்' என்று மேலிருந்து சுற்றறிக்கை வந்தது. தயார் என்றால் நாணயமும் உள்ளே இருக்கும் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். முதல் மேசைக்காரர்களையும் ஸ்டிக்கர் ஒட்ட அனுப்பினார்கள். தலைமை மேலாளர் கையெழுத்திட்ட மாதிரிப் பெட்டியிலும் அட்டைதான் இருந்தது. தராசு அதையே சரியான எடை என்று கற்றுக்கொண்டது. முதல் மேசை அக்கா ஒருத்தி இரண்டு மாத விடுப்பு முடிந்து அன்றுதான் வந்திருந்தாள். சுற்றறிக்கையை யாரும் அவளுக்குக் காட்டவில்லை. தாழ்வாரத்தில் நின்ற தள்ளுவண்டியில் நாணயங்களைப் பார்த்தாள், பழக்கத்தில் அட்டைகளை எடுத்துப் போட்டுவிட்டு நாற்பது பெட்டிகளில் நாணயத்தை வைத்துவிட்டாள். இயந்திரம் அவளைப் பிடித்துவிட்டது.

"என்மேல என்ன தப்பு?" என்றாள் அக்கா.

"நீ ஒருத்திதாம்மா சரியா செஞ்சிருக்க" என்றார் ஸ்டிக்கர். "இப்ப அதுதான் பிரச்சினை."

பதிவேடுகளைப் புரட்டினோம். ஒன்பது வெளியீடுகள் அப்படியே போயிருந்தன. கலங்கரை விளக்கமும் அதில் ஒன்று. அச்சுக்கூடம் 'ஒப்படைத்தோம்' என்று எழுதியிருந்தது, நாங்கள் 'பெற்றோம்' என்று எழுதியிருந்தோம், நாணயங்கள் இரண்டுக்கும் நடுவில் தள்ளுவண்டிகளில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. எட்டு வாரம். ஆயிரக்கணக்கான சந்தாதாரர்கள். ஒரு புகார்கூட வரவில்லை. வரவும் முடியாது. திறந்தால்தான் தெரியும், திறந்த பெட்டிக்குப் புகார் ஏற்கப்படாது என்று சான்றிதழின் பின்னாலேயே போட்டிருந்தது.

"குழு அறிக்கை வர்ற வரைக்கும் ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாது" என்றார் ஸ்டிக்கர். என்னைத் தனியாகப் பார்த்து, "ஒப்பந்த ஆளுக்கு வாய் இருந்தா வேலை இருக்காது" என்றும் சொன்னார்.

அன்று மாலையே சித்தியிடம் சொல்லிவிட்டேன். நல்லெண்ணம் ஒன்றும் இல்லை. குளியலறைக்குப் போகும்போது அவள் கையை மிதித்துவிட்டேன். அவள் கையை உதறிக்கொண்டு, "போ, போ, பழகிடுச்சு" என்றாள். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

சித்தி முழுவதையும் கேட்டாள். பிறகு அறைக் கதவைத் திறந்து, கூரை வரை அடுக்கியிருந்த பெட்டிகளை ஒரு முறை பார்த்தாள்.

"அப்ப இந்த அட்டைக்காகவா நான் தரையில கிடக்கறேன்?"

"எல்லாம் அட்டை இல்ல சித்தி. ஒன்பது வெளியீடுதான்."

"மத்ததுல வெள்ளி இருக்கறதுனால என் முழங்கால் வலி கொறைஞ்சிடுமா?"

"சித்தப்பாகிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லாத. நம்ப மாட்டாரு. நம்பினாலும் திறந்து பாக்க மாட்டாரு." கதவைச் சாத்தினாள். "அந்த விசாரணைக்கு யார் வேணா போலாமா?"

போகலாம். சித்தப்பாவுக்கு அழைப்பே வந்திருந்தது. முழுத் தொகுப்பும் வைத்திருக்கிற சந்தாதாரர்களில் ஒருவர் பொதுமக்கள் சார்பில் பேச வேண்டும் என்று நாணயச் சாலை அவர் பெயரைக் கொடுத்திருந்தது. உள்ளே ஆள் இருப்பதால்தான் இந்த மரியாதை என்று சித்தப்பா நினைத்தார். நான் மறுக்கவில்லை.

விசாரணை நாளன்று அவர் இஸ்திரி போட்ட சட்டையில், கலங்கரை விளக்கப் பெட்டியைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் யாரோ இடித்தபோது, "பாத்து, பாத்து, உள்ள நாட்டோட சொத்து இருக்கு" என்றார். சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் சேகரிப்பாளர்கள், கால் பங்கு வியாபாரிகள், மீதி பத்திரிகை. தலைமை மேலாளர் முதலில் பேசினார். மக்கள் கேட்கிறார்கள், நாங்கள் தருகிறோம் என்றார். தேரை வரிசைக்கு எவ்வளவு கடிதங்கள் வந்தன என்று சொன்னார். யார் எழுதினார்கள் என்று சொல்லவில்லை. பின்வரிசையில் ஸ்டிக்கர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். நீதிபதி மெலிந்த மனிதர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எத்தனை வச்சிருக்கீங்க?"

"நானூத்திப் பன்னண்டு, ஐயா."

"ஜாஸ்தின்னு தோணலையா?"

"பஸ்ல கூட்டம் ஜாஸ்தின்னு எறங்கினவன் எவனும் இல்லைங்க ஐயா. ஏற முடியாதவன்தான் அப்படிச் சொல்வான்."

மண்டபத்தில் கைதட்டல். சித்தப்பா நிமிர்ந்தார். நீதிபதியும் சிரித்தார்.

"உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

சித்தப்பா பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். "கலங்கரை விளக்கம், ஐயா. இருட்டுல ஒளிரும்."

"எப்படி ஒளிரும்?"

"பச்சையா ஒளிரும்."

"பாத்திருக்கீங்களா?"

"விளம்பரத்துல பாத்தேன்."

நீதிபதிக்கு ஆர்வம் வந்துவிட்டது. "சரி, இப்ப பாத்துடலாமே. யாருப்பா அங்க, விளக்கை அணைங்க."

"ஐயா, வேண்டாம்!" என்று சித்தப்பா பெட்டியை அணைத்துக்கொண்டார். அதே நொடியில் தலைமை மேலாளரும் எழுந்து, "ஐயா, வேண்டாம்!" என்றார். மண்டபமே "வேண்டாம், வேண்டாம்" என்றது. திறந்தால் மதிப்பு குறையும் என்று ஒரு முதியவர் எழுந்து நின்று நீதிபதிக்கு விளக்கினார். ஆனால் ஊழியர் ஏற்கெனவே விளக்கை அணைத்துவிட்டார். திரைச்சீலை போட்ட மண்டபம், பகலிலும் கும்மிருட்டு.

அந்த இருட்டில் ஸ்டிக்கர் கிழிகிற சத்தம் கேட்டது.

"யாரது?" என்றார் நீதிபதி.

"நான்தாங்க, இவரு சம்சாரம்" என்றாள் சித்தி. "திறந்துட்டேன். எல்லாரும் பாருங்க."

எல்லோரும் பார்த்தோம். ஒன்றும் ஒளிரவில்லை. ஒரு நிமிடம் முழுக்க அத்தனை பேரும் இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

விளக்கு வந்தபோது டப்பி சித்தப்பாவின் கையில் இருந்தது. அதைத் திறந்து உள்ளே இருந்ததை எடுத்தார். முப்பத்தோரு வருடம் காசை விரலாலேயே எண்ணியவர். கண்ணால் பார்க்கும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிட்டது. கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். வளைந்தது.

"அட்டை" என்றார். யாரைக் கேட்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

சித்தி அவர் தோளைத் தொட்டாள். "போனா போகுதுங்க. விட்டுடுங்க. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

அவர் எழப் போனார். அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு வியாபாரி நாற்காலியின் மேல் ஏறி நின்று கத்தினார்: "அண்ணே! அந்த அட்டையை வளைக்காதீங்க! கீழ வைங்க, மெதுவா வைங்க!"

"ஏன்?"

"நாணயச் சாலையே முத்திரை போட்டு அனுப்பின அட்டை அண்ணே. உலகத்துலயே வேற எங்கயும் கிடையாது. பெட்டி விலைக்குப் பத்து மடங்கு தர்றேன்."

"இருபது" என்றது இன்னொரு குரல்.

சித்தப்பாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. அட்டையை இரண்டு விரல் நுனியால் பிடித்து, டப்பிக்குள் வைத்து மூடினார். சித்தி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டில் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த இரண்டு வாரம் நாடு முழுக்கப் பெட்டி திறந்தார்கள். ஒன்பது வெளியீடுகளில் அட்டை என்று ஒப்புக்கொண்ட நாணயச் சாலை, எவை என்று சொல்ல மறுத்ததால் எல்லாவற்றையும் திறந்தார்கள். நாணயச் சாலை வாசலில் வரிசை நின்றது. பேக்கிங்கை நிறுத்தி, என்னைப் புகார் மேசையில் உட்கார வைத்தார்கள்.

"என்ன புகார்?"

"வெள்ளி இருக்குதுங்க" என்றார் ஒரு பெரிய மனிதர், துக்க வீட்டில் பேசுகிற குரலில்.

"அதைத்தானே வாங்கினீங்க?"

"எங்க மச்சினனுக்குப் பதினெட்டு அட்டை வந்திருக்கு. எனக்கு ஒண்ணுகூட இல்ல. நான் சந்தா கட்டாம விட்ட ரெண்டு மாசத்துலயா அட்டை அனுப்பணும்?"

தள்ளுவண்டியில் கிடந்த உண்மையான நாணயங்களை எல்லோருக்கும் அனுப்பி வைப்பதாகத் தலைமை மேலாளர் அறிவித்தார். அட்டை வைத்திருந்தவர்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். நாணயம் வந்தால் அட்டையின் அருமை போய்விடும் என்று மனு கொடுத்தார்கள். ஏழாயிரம் கையெழுத்து. நாணயங்கள் தார்ப்பாய்க்கு அடியிலேயே இருந்தன.

சித்தப்பா அட்டையை விற்கவில்லை. மற்ற பெட்டிகளையும் திறக்கவில்லை. திறக்காத பெட்டியில் அட்டை இருக்கலாம் என்பதால் திறக்காத பெட்டிக்குத்தான் இப்போது அதிக விலை. அறைக்குப் புதுப் பூட்டு வாங்கினார்.

மூன்றாவது வாரம் குழுவின் அறிக்கை வந்தது. சித்தி அடுப்பை அணைத்தே விட்டாள். நீதிபதி எழுதியிருந்ததை ரேடியோவில் வாசித்தார்கள். கடந்த வருடம் அறுபத்தொரு நாணயங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒன்பது பொதுமக்கள் கைக்குப் போகவில்லை. போய்ச் சேராத நாணயத்தை வெளியிட்ட நாணயமாகக் கருத முடியாது. அறுபத்தொன்றில் ஒன்பது போனால் ஐம்பத்திரண்டு. வாரத்துக்கு ஒன்று. ஆகவே அளவு மீறப்படவில்லை. இந்தக் கட்டுப்பாட்டுக்காக நாணயச் சாலையைக் குழு பாராட்டுகிறது.

"நான்தான் சொன்னேனே" என்றார் சித்தப்பா.

சித்தி நடைக்குப் போய், கட்டில் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினாள்.

நான்கு நாள் கழித்துத் தலைமை மேலாளர் வீட்டுக்கே வந்தார். கூடவே ஸ்டிக்கர், கையில் பழக்கூடையோடு. நாணயச் சாலை முகப்பில் ஒரு கண்ணாடிப் பேழை வைக்கப் போகிறார்களாம். முதன்முதலில் கண்டெடுக்கப்பட்ட அட்டையை அதில் வைக்கச் சித்தப்பா தர வேண்டும்.

"தர்றதா?" என்று சித்தப்பா நெஞ்சில் கை வைத்தார்.

"தானமா இல்ல. உங்க பேர்லயே இருக்கும். நாங்க பத்திரமா வச்சிருப்போம், அவ்வளவுதான்."

"முதல்ல என் தொகுப்பைப் பாருங்க" என்று சித்தப்பா அவர்களை உள்ளே அழைத்துப் போனார். நடையில் பாய் சுருட்டி வைத்திருந்தது. அதில் தலைமை மேலாளரின் பூட்ஸ் தடுக்கியது. விழாமல் இருக்கக் கட்டிலைப் பிடித்தார். கயிறு ஒரு முறை முனகியது.

"இது ஏங்க நிக்குது?" என்றார்.

"உங்களாலதான்" என்றாள் சித்தி.

சித்தப்பா பூட்டைத் திறந்தார். தலைமை மேலாளர் தான் வெளியிட்டதை எல்லாம் ஒரே இடத்தில் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஐயா" என்றாள் சித்தி. "ஒண்ணை மட்டும் ஏன் எடுத்துட்டுப் போறீங்க? எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்களேன்."

"ஏய், என்ன பேசற?" என்றார் சித்தப்பா.

"நீங்க சும்மா இருங்க. ஐயா, இங்க ஈரம். போன மழைக்கு அந்த மூலையில ஒழுகிச்சு. ஸ்டிக்கர் பிஞ்சா மதிப்பு என்ன ஆகும்?"

"குறையும்" என்றார் ஸ்டிக்கர், கேட்காமலே.

"உங்ககிட்ட கெட்டியான கட்டடம் இருக்கு, காவல்காரர் இருக்காரு. இவரு எப்படியும் திறக்கப் போறதில்ல. பெட்டி எங்க இருந்தா என்ன? இவரு பேர்ல பத்திரமா இருக்குன்னு ஒரு காகிதம் குடுத்துடுங்க. பெட்டியைவிடக் காகிதம் நல்லா அடங்கும். மாட்டியும் வைக்கலாம்."

"எண் போட்டுத் தருவீங்களா?" என்றார் சித்தப்பா மெல்ல.

"போட்டுடலாம்" என்றார் தலைமை மேலாளர். அவர் அறையைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைத் தாண்டி வெகுதூரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமே வர்றதையும்கூட நாங்களே வச்சுக்கலாம். அனுப்பவே வேண்டாம். அனுப்பினாத்தானே வெளியீடு..." கடைசிச் சொல்லை ஸ்டிக்கரிடம் சொன்னார். ஸ்டிக்கர் குறித்துக்கொண்டார்.

"எண் ஒண்ணு எனக்கு" என்றார் சித்தப்பா.

ஒரு மாதத்தில், பெட்டிக்குப் பதில் காகிதம் மட்டும் தரும் திட்டம் வந்தது. வண்டி முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளையும் நானே இறக்கி ஏற்றினேன். சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் எண் சொல்லி, வண்டி கிளம்பும்போது பழைய நினைப்பில் பக்கவாட்டுத் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினார். வண்டி நகர்ந்தது.

எங்கள் பேக்கிங் கூடத்தில் இப்போது ஒரே ஒரு மேசை. அச்சு இயந்திரம் காகிதத்தைத் துப்புகிறது, நான் கடித உறையில் போடுகிறேன், ஸ்டிக்கர் ஒட்டுகிறார். இந்த வருடம் இதுவரை நூற்று நான்கு நாணயங்களை அறிவித்திருக்கிறார்கள். எதுவும் வெளியாகவில்லை. எதையும் அடிக்கவும் இல்லை என்று அச்சுக்கூடத்தில் பேசிக்கொள்கிறார்கள். அங்கே இரவு முறையை மூடிவிட்டார்கள்.

வண்டி போன அன்று மதியமே கட்டிலின் கயிற்றை அறுத்தேன். கால்களில் துரு. அறையின் சுவரில் பெட்டிகள் மறைத்திருந்த இடமெல்லாம் பெயின்ட் புதிதாக இருந்தது. கட்டிலைப் போட்டதும் சித்தி அதில் உட்கார்ந்து பார்த்தாள், பிறகு படுத்தாள். சாயங்காலம் அடுப்பு பற்ற வைக்கவும் எழவில்லை.

சித்தப்பா முதல் உறையைக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றார். அதன் வாயில் பளபளவென்று ஸ்டிக்கர் இருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை.

"ஏய், இது ஒண்ணே ஒண்ணுதான். சின்னது. இங்க மூலையில வச்சுக்கட்டுமா?"

சித்தி கண்ணைத் திறக்கவில்லை.

"கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றாள்.